முதல் சவரக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

புதுக்கத்தி (கோயம்புத்தூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. கல்லூரிக் காலம் முதல் மூன்று அலகுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரைத்தான் பயன்படுத்தி வருகிறேன். என் தாடி முடி தடிப்பானது, சுருண்டு வளர்வது. மழித்த இரண்டாம் நாளே தாடைக்குக் கீழே முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து, சிறு சிறு கட்டிகளாக எழும்புகிறது. அடுக்கடுக்கான அலகுகள் முடியைத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், ஒற்றை அலகுக்கு மாறிப் பார்க்கலாம் என்றும் தோல் மருத்துவர் சொன்னார். அன்று முதல் மடக்குச் சவரக்கத்தியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவன், இப்போது அதை வெறும் மருந்தாக மட்டும் நினைக்கவில்லை. ஒரு கருவியை முறையாகப் பேணி, அதை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் தடுமாறி நிற்கிறேன். இணையக் கடை ஒன்றில் 900 ரூபாய்க்கு மரப்பிடி போட்ட, பளபளப்பான கத்தி கிடைக்கிறது. பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயர் பொறித்த பழைய கத்தி இருக்கிறது; 3,500 ரூபாய் சொல்கிறார். ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த புதுக் கத்தியை வரவழைத்தால், சுங்க வரியும் சேர்ந்து என் பட்ஜெட்டின் எல்லையைத் தொட்டுவிடும். முதல் கத்திக்கு அவ்வளவு செலவிட வேண்டுமா, அல்லது மலிவான ஒன்றில் கை பழகிக்கொண்டு பிறகு நல்லதை வாங்குவதுதான் சரியா? அளவு, முனை, எஃகு ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். அதற்கென்று தனிக் கத்தி தேவையா என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ரைன்கரை (டுசல்டார்ஃப்) மறுமொழி:

வணக்கம் நண்பரே. கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மடக்குச் சவரக்கத்திக்கு இடக்கை, வலக்கை என்ற வேறுபாடு கிடையாது. அலகின் இரு பக்கமும் ஒன்றுபோலவே தீட்டப்பட்டிருக்கும். அலகில் பொறித்த பூவேலை உங்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அமையும், அவ்வளவுதான்.

மலிவான கத்தியில் பழகிக்கொண்டு பிறகு நல்லதை வாங்கலாம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். சைக்கிள் பழகுவதற்கு அது பொருந்தலாம், சவரக்கத்திக்குப் பொருந்தாது. கூர்மையில்லாத கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுக்கும்போது நாம் நம்மை அறியாமல் அழுத்துவோம், அழுத்தும்போதுதான் தோல் கிழியும். புதியவர் அது தன் கையின் குறை என்று நினைத்து, ஒரு மாதத்தில் கத்தியைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். இப்படிப் பெட்டிக்குள் போன கத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் பளபளப்பான கத்திகள் பலவும் சவரக்கத்தியின் உருவத்தை மட்டுமே கொண்டவை. எஃகு முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டிருக்காது. முதுகு நேராக இருக்காது. எத்தனை மணி நேரம் தீட்டினாலும் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நிலைத்து நிற்காது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்தக் கத்தியைக் கடைசியாகத் தீட்டியவர் யார் என்பதைத்தான். நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வரும் புதுக் கத்திகூடச் சில வேளைகளில் முகத்துக்குப் போதிய பதத்தில் இருப்பதில்லை. ஆகவே விற்பவரிடம், இது கையால் தீட்டப்பட்டு மழிக்கும் பதத்தில் வருகிறதா, தீட்டியவர் யார், எந்தக் கல்லில் முடித்தார் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்பவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் கொண்டு அளப்பது மரபு. எட்டில் ஐந்து என்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். எட்டில் ஆறு என்றால் 19 மில்லிமீட்டர். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டில் நான்கு மூக்குக்குக் கீழே வசதியாக இருந்தாலும், அதன் குறுகிய அலகில் சோப்பு நுரை விரைவில் நிரம்பிவிடுகிறது. எட்டில் ஏழும் எட்டும் பார்ப்பதற்குக் கம்பீரமானவை என்றாலும், எடை கூடுவதால் தொடக்கத்தில் தாடைவளைவில் கட்டுக்குள் நிற்பதில்லை. முனை உருண்டதாக இருக்கட்டும். சதுரமாக வெட்டிய கூர்முனை மீசையின் ஓரத்தைக் கோடு பிடித்தாற்போல் சீராக்க உதவும் என்பது உண்மை. ஆனால் முதல் மாதத்தில் காது மடலிலும் உதட்டோரத்திலும் படும் கீறல்களில் பெரும்பாலானவை அந்த முனையால் வருபவை.

அடுத்தது உட்குழிவு. பழைய ஷெஃபீல்டுக் கத்திகள் பல, ஆப்பைப் போலக் கனத்தவை. சோலிங்கன் கத்திகளோ இருபுறமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டு, வாயருகே மிக மெல்லியதாக இருப்பவை. முழுக்குழிவு அலகை விரலால் லேசாகச் சுண்டினால் கிண்ணென்று ஒலிக்கும். மழிக்கும்போதும் முடி வெட்டுப்படும் ஓசை தெளிவாகக் கேட்கும். அந்த ஓசை மாறும்போது கோணம் தவறிவிட்டது என்று காது சொல்லிவிடும் என்பதால், கற்பவருக்கு அது ஓர் ஆசிரியரைப் போன்றது. உங்களுடையது தடித்த தாடி என்பதால் சற்றுக் கனமான அரைக்குழிவும் பொருந்தும். ஆப்பு வடிவத்தை மட்டும் இப்போது தவிர்த்துவிடுங்கள். அதைக் கல்லில் தீட்டுவது அனுபவசாலிகளுக்கே நெடுநேர வேலை.

எஃகைப் பொறுத்தவரை, கார்பன் எஃகு தீட்டுவதற்கு எளிது, ஆனால் ஈரத்தை மன்னிக்காது. துருப்பிடிக்காத எஃகு ஈரத்தைத் தாங்கும், ஆனால் கல்லில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். கத்தியை மறவாமல் துடைத்து வைக்கும் குணம் உங்களுக்கு இருந்தால் கார்பன் எஃகே போதும்.

நான் வசிக்கும் இடத்திலிருந்து சோலிங்கன் பக்கந்தான். அங்கே கிரேஃப்ராத் என்ற பழைய பகுதியில் இருக்கும் அலகு அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். சோலிங்கன் என்ற பெயரை எந்தக் கத்தியில் பொறிக்கலாம் என்பதற்கு 1938 முதல் தனிச் சட்டமே இருந்து வருகிறது. வேலையின் முக்கியக் கட்டங்கள் அந்த ஊர் எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். டோவோ, பேக்கர் போன்ற பெயர்கள் அங்கிருந்து வருபவை. பிரான்சில் தியே நகரத்தின் தியே-இசார் 1884 முதல் இருக்கிறது. இவற்றுள் எதன் எளிய மாதிரியை வாங்கினாலும் உங்கள் ஆயுளுக்கு வரும். யானைத் தந்தத்தைப் போலத் தோன்றும் பிடிக்கும் தங்கப் பூச்சுக்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை, மழிப்பதற்கு முன் கத்தியின் வாயைத் தேய்த்துச் சீராக்கும் நல்ல தோல்வாருக்கு ஒதுக்குங்கள்.


அடைப்பம் (கும்பகோணம்) மறுமொழி:

தம்பிக்கு வணக்கம். மேலே எழுதிய நண்பர் கத்தியைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் தோல்வாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவருடைய அடைப்பத்தில், அதாவது கருவிப் பையில், இரண்டு சவரக்கத்திகளும், ஒரு தீட்டுக்கல்லும், கறுத்து மெருகேறிய ஒரு தோல்வாரும் எப்போதும் இருக்கும். கல்லை அவர் கையில் எடுத்தது எப்போதாவதுதான். தோல்வாரைத் தொடாமல் ஒரு முகத்தையும் தொட்டதில்லை. இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அச்சமும் விழிப்பும் மெல்லப் பரவி, கடைகளில், ஒருமுறை பயன்படுத்தியதும் வீசிவிடும் அரை பிளேடைச் செருகும் கத்திகள் வந்தன. தகப்பனாரும் மாறினார், மாறியது மிகச் சரியான செயல் என்றே கடைசிவரை சொன்னார். பலர் முகத்தில் ஒரே கத்தி படக்கூடாது. உங்கள் கத்தியையும் உடன்பிறந்தவருக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

தோல்வார் கூர்மையை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருக்கும் கூர்மையை நேராக்குகிறது. மழிக்கும்போது அலகின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவில் இங்குமங்கும் மடங்கிப்போகும். அடுத்த முறை மழிப்பதற்கு முன் முதலில் துணிப்பட்டையில் இருபது முறையும், பிறகு தோலில் ஐம்பது முறையும் போய்வந்தால் அது நேராகிவிடும். கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும். தோலில் முதுகு முன்னே செல்ல வேண்டும். திருப்பும்போது கத்தியை முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும், வாயின் மேல் ஒருபோதும் உருட்டக் கூடாது. முதுகும் வாயும் சேர்ந்தே தோலில் படிந்திருக்க வேண்டும். வார் தொய்ந்தால் வாய் உருண்டு மழுங்கிவிடும் என்பதால் அதை இழுத்துப் பிடிப்பதும் முக்கியம். சினிமாவில் காட்டுவதுபோல வேகமாக வீசி அடிக்க வேண்டிய தேவையே இல்லை.

புதியவர் தோல்வாரை வெட்டாமல் இருப்பது அரிது. பதினான்கு வயதில் நான் தகப்பனாரின் வாரில் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை, உப்புத்தாளால் அந்த விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, மறுநாள் பழைய இடுப்பு வார் ஒன்றைச் சன்னல் கம்பியில் கட்டி, அதில் பழகச் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன்: கத்தி நல்லதாக இருக்கட்டும், முதல் தோல்வார் எளியதாக இருக்கட்டும். மூன்று அங்குல அகலம் இருந்தால் அலகு முழுவதும் ஒரே இழுப்பில் படியும். கை பழகிய பிறகு உயர்ந்த தோலை வாங்கிக்கொள்ளலாம்.

அரை பிளேடு கத்தியில் முதலில் பழகலாம் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். கோணம் பிடிக்கவும் தோலை இழுத்துப் பிடிக்கவும் அது கற்றுத் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பிளேடு மெல்லியது, எடையற்றது, சிறு பிழையையும் பொறுக்காதது. நல்ல சவரக்கத்தி அதைவிட மென்மையானது என்பது என் கை கண்ட அனுபவம்.


புதுக்கத்தி மீண்டும்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 900 ரூபாய்க் கத்தியை விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பழைய ஷெஃபீல்டுக் கத்தியின் மேல் மனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்பவரிடம் கேட்டுச் சில அளவுகளை வாங்கினேன். பிடியருகே அலகின் அகலம் 20 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 6 மில்லிமீட்டர். முனையருகே அகலம் 16, தடிமன் 4. முதுகின் இருபுறமும் ஒரு பளபளப்பான பட்டை தெரிகிறது. அது முனைப்பக்கம் போகப்போக அகலமாகிறது. பிடி தேன் நிறத்தில், ஒளி ஊடுருவுவதாக இருக்கிறது. மடக்கினால் பிடிக்குள் மறையும் பகுதியில் புள்ளி புள்ளியாகத் துரு உள்ளது. வாயில் துரு இல்லை என்கிறார். இதை மீட்டெடுக்க முடியுமா?


தீட்டுக்கல் (ஓசூர்) மறுமொழி:

நான் கருவிப் பட்டறையில் வேலை செய்பவன். விடுமுறை நாள்களில் சவரக்கத்திகளைத் தீட்டித் தருகிறேன். நீங்கள் அளவுகளைக் கேட்டு வாங்கியது மிகவும் நல்ல செயல். படத்தைவிட அவை அதிகம் பேசுகின்றன.

மற்றக் கத்திகளைத் தீட்டும்போது கோணத்தை நம் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்தியில் அதைக் கத்தியே தீர்மானிக்கிறது: முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படியவைத்துத் தீட்டுவதால், முதுகின் தடிமனும் அலகின் அகலமும்தான் கோணத்தை நிறுவுகின்றன. அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு 4.5 மில்லிமீட்டர் என்று இருக்கும் ஒரு நல்ல கத்தியில் வாயின் கோணம் ஏறத்தாழ 16 பாகை வரும். தலைமுறை தலைமுறையாகத் தீட்டும்போது வாய் தேயும் அளவுக்கு ஏற்ப முதுகும் தேய்வதால், கோணம் பெரிதாக மாறாமல் காக்கப்படுகிறது. இந்தக் கருவியை வடிவமைத்தவர்களின் அறிவை எண்ணி நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

உங்கள் ஷெஃபீல்டுக் கத்தியில் அந்தச் சமநிலை குலைந்திருக்கிறது. பிடியருகே கோணம் 17 பாகைக்குச் சற்று மேல். முனையருகே 14 பாகைக்குச் சற்று மேல். நீங்கள் சொல்லும் பளபளப்பான பட்டை, கல்லில் தேய்ந்த முதுகின் தடம். அது ஒரே அகலத்தில் ஓடினால் கவலையில்லை. முனைப்பக்கம் விரிகிறது என்றால், முன்பு வைத்திருந்தவர் முனையில் அழுத்தித் தேய்த்திருக்கிறார் என்று பொருள். இப்படித் தேய்ந்த கத்தியைச் சமதளக் கல்லில் வைத்தால் வாயின் ஒரு பகுதி மட்டுமே கல்லைத் தொடும் வாய்ப்பு அதிகம். மீட்க முடியாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது, தீட்டத் தெரிந்தவர் ஒருவர் 1000 எண் கல்லில் பொறுமையாக வாயைப் புதிதாக நிறுவி, 4000, 8000, 12000 என்று மேலும் மேலும் நுண்மையான கற்களுக்கு ஏறிப்போக வேண்டிய வேலை. முதல் கத்தியாகக் கொள்ளத் தக்கதன்று.

பிடியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிடி கொம்பாலும் செய்யப்பட்டிருக்கலாம், செல்லுலாய்டாலும் செய்யப்பட்டிருக்கலாம். விற்பவரிடம் நேரில் போக முடிந்தால், பிடியைக் கட்டைவிரலால் நன்றாகச் சூடேறும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். செல்லுலாய்டு கற்பூரம் சேர்த்துச் செய்யப்பட்டது என்பதால் கற்பூர வாடை வரும். பழைய செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிடும். மடக்கி வைத்த அலகு, பிடிக்குள் மறையும் இடத்தில் மட்டும் அரிக்கப்படும். நீங்கள் சொல்லும் துருப்புள்ளிகள் சரியாக அந்த இடத்தில் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. புள்ளி மேலோட்டமாகத் தெரிந்தாலும், வாயருகே தேய்த்துக்கொண்டு போகும்போது உள்ளே குழி திறந்துகொள்ளும். குழி விழுந்த இடத்தில் வாய் நிற்காது.

பழைய கத்திகளை நான் வெறுப்பவன் அல்லேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழையவையே. ஒரு காலத்தில் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் செய்தவை இன்றும் நெஞ்சை நெகிழ வைக்கும் எஃகு. ஆனால் பழையதை வாங்கினால், தீட்டுபவர் கையிலிருந்து வாங்குங்கள், பழம்பொருள் விற்பவர் கையிலிருந்து வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் தெருவில் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் செய்வது சரியான வேலைதான். ஆனால் சவரக்கத்தியின் மெல்லிய வாய் அந்த வேகத்தில் நொடியில் சூடேறிப் பதம் இழந்துவிடும். பதம் போன எஃகைக் கல்லால் திருப்பிக் கொண்டுவர முடியாது. முதல் ஆண்டில் நீங்களும் கல்லைத் தொட வேண்டாம். முறையாகத் தோல்வாரில் பேணினால் சில மாதங்களுக்கு வாய் நிற்கும். இழுக்கத் தொடங்கும்போது எனக்கோ வேறு யாருக்கோ அனுப்புங்கள். நல்ல கூர்மை எப்படி இருக்கும் என்று உங்கள் முகம் அறிந்த பிறகு கல்லைக் கையில் எடுத்தால், எதை நோக்கித் தீட்டுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.


உப்புக்காற்று (நாகப்பட்டினம்) மறுமொழி:

கோவையில் உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம். ஆனாலும் மழைக்காலத்துக்காகச் சொல்கிறேன். கார்பன் எஃகுக் கத்தியைக் குளியலறையில் வைக்கவே கூடாது. மழித்து முடித்ததும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, பிடியின் இடுக்கில் நீர் நிற்காதபடி காகிதத்தைச் செலுத்தி எடுத்து, அரைமணி நேரம் திறந்த நிலையிலேயே காயவிட்டுப் பிறகு மடக்குங்கள். சில நாள்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் தையல் இயந்திர எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுங்கள். மழிப்பதற்கு முன் சோப்பால் கழுவிவிட்டால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று நான் முதலில் தேங்காய் எண்ணெயைப் பூசினேன். அது நாளடைவில் பிசுக்கேறி, அச்சாணியில் தூசியைச் சேர்த்தது. ஒரு மழைக்காலத்தில் ஒரே இரவில் வாயில் வந்த துருக்கோட்டை நீக்க, கத்தியை மறுபடி கல்லுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.


புதுக்கத்தி மீண்டும்:

ஷெஃபீல்டை மனமின்றியே விட்டுவிட்டேன். சோலிங்கனில் செய்த, எட்டில் ஆறு அளவுள்ள, உருண்ட முனையும் அரைக்குழிவும் கொண்ட கார்பன் எஃகுக் கத்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எளிய கறுப்புப் பிடிதான். அது வந்ததும் முகத்தில் வைப்பதற்கு முன் ஓசூர் ஐயாவுக்கு அனுப்பி வாயைப் பார்க்கச் சொல்ல விரும்புகிறேன். அவர் இசைவு தர வேண்டும். மூன்று அங்குல எளிய தோல்வார் ஒன்றையும் சொல்லிவைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: முதல் நாள் எங்கே தொடங்குவது?


தீட்டுக்கல் மறுமொழி:

தாராளமாக அனுப்புங்கள். அலகில் எண்ணெய் தடவி, தடித்த அட்டைக்குள் மடக்கிய நிலையில் கட்டி அனுப்புங்கள்.


அடைப்பம் மறுமொழி:

தம்பி இடக்கைக்காரர் என்பதால் இடக் கன்னத்தில் தொடங்குங்கள். வெந்நீரில் குளித்து முடித்ததும், நுரையை நன்றாகக் குழைத்துத் தடவி, வலக்கையால் காதோரத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகைத் தோலிலிருந்து சுமார் 30 பாகை விலக்கி, முடி வளரும் திசையிலேயே கிருதாவிலிருந்து தாடை எலும்பு வரை அழுத்தாமல் சிறிது சிறிதாக இறங்குங்கள். முதல் வாரம் இரு கன்னங்கள் மட்டும் போதும். மற்ற இடங்களைப் பழைய ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். மோவாய்க்கும் மூக்கின் கீழுக்கும் மூன்றாம் வாரம் போகலாம். கட்டிகள் வரும் அந்தத் தாடைக்கடியில், கை எவ்வளவு பழகிய பிறகும் முடிக்கு எதிர்த்திசையில் கத்தியை ஓட்டாதீர்கள்.